‘தவறானதைக் கற்பித்தேன்’ என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை, வழக்கறிஞரான எனக்கு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் இயங்கும் தனியார் பள்ளி ஒன்றில் 11 ஆண்டுகளாக உயிரியல் நடத்துகிறார். பள்ளியை நடத்துவது ஒரு சிறுபான்மை அறக்கட்டளை. அரசு உதவி கிடையாது. எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் ‘ஹெரிடிட்டி’ (மரபுவழி) பாடத்தை முடித்த அன்று மணி அடிக்க இருபது நிமிடம் மீதி இருந்திருக்கிறது. பழைய பதிப்பில் அதே பாடத்தின் பின்பாதியாக இருந்து, பிறகு நீக்கப்பட்ட பரிணாமத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறார். கரும்பலகையில் மனிதனின் கை, வௌவாலின் இறக்கை, திமிங்கிலத்தின் துடுப்பு மூன்றையும் வரைந்து, மூன்றிலும் ஒரே எலும்புக்கு ஒரே நிறச் சாக்பீஸ் தீட்டிக் காட்டியிருக்கிறார். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, “அப்போ எங்க தாத்தாவோட தாத்தா குரங்கா மிஸ்?” என்று கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

அன்று இரவு பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் புயல். கடவுள்தான் மனிதனைப் படைத்தார் என்று வீட்டில் சொல்லிக் கொடுக்கிறோம், பள்ளியில் குரங்கு என்கிறார்கள் என்று ஒரு தாய் எழுதியிருக்கிறார். அரசாங்கமே எடுத்துவிட்ட பாடத்தை இவர் ஏன் நடத்த வேண்டும் என்று இன்னொருவர். மத உணர்வைப் புண்படுத்திவிட்டதாகக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பேன் என்று மூன்றாமவர். மறுநாள் தாளாளர் அழைத்து, “பாடத்திட்டத்தில் இல்லாத, தவறான கருத்தைக் கற்பித்ததற்கு வருந்துகிறேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை வரை அவகாசம். முதல்வரோ, இனி இப்படிப் பேச்சு வந்தால் பைபிளையும் தசாவதாரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், யாருக்கும் மனக்குறை இருக்காது என்று யோசனை சொல்லியிருக்கிறார்.

ஆசிரியை கேட்பது இவை: தடை செய்யப்பட்ட பாடத்தை நடத்தியது குற்றமா? போலீஸ் புகார் நிற்குமா? வேலை போகுமா? அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது கடமை என்று அரசியலமைப்பே சொல்வதால் உயர் நீதிமன்றத்தில் ரிட் (நிர்வாகத்துக்கு உத்தரவிடக் கோரும் மனு) போடலாமா? பரிணாமம் கற்பித்ததற்காக வழக்கைச் சந்தித்த ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியரைச் சொல்லி, “அமெரிக்காவில் ஸ்கோப்ஸ் நின்ற மாதிரி நானும் நிற்கத் தயார்” என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் விட்டுப்போகக் கூடாது என்று மணி அடிக்கும் வரை நின்று நடத்தும் ஆசிரியர்கள்தான் என்னையும் படிக்க வைத்தார்கள். நீங்கள் குற்றம் எதுவும் செய்யவில்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள். ஆனால் நீங்கள் நம்பியிருக்கும் சில விஷயங்கள் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கைகொடுக்காது. வெள்ளிக்கிழமைக்கு முன் அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீக்கியது வேறு, தடை செய்தது வேறு

கடிதம் முழுக்க ‘தடை’ என்றே எழுதுகிறீர்கள். உங்களை எதிர்க்கும் பெற்றோரும் அதே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நடந்தது என்ன? கொரோனா காலத்துப் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று 2022-ல், பாடப்புத்தகங்களைத் தயாரிக்கும் ஒன்றிய அரசின் அமைப்பான என்சிஇஆர்டி பல வகுப்புப் புத்தகங்களில் கத்தரி வைத்தது. அப்போதுதான் பத்தாம் வகுப்பின் ‘ஹெரிடிட்டி அண்ட் எவல்யூஷன்’ பாடம் வெறும் ‘ஹெரிடிட்டி’ ஆனது. மெண்டலின் பட்டாணிச் செடி மிஞ்சியது, டார்வின் போனார், புதைபடிவங்கள் போயின, மனிதப் பரிணாமம் போனது. 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு இதை எதிர்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் முழுப் பாடமாகவே இருக்கிறதே என்பது அரசுத் தரப்பின் பதில்.

அந்தப் பதில் எனக்கு ஏற்புடையதல்ல. பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டுவிடும் பிள்ளை, பதினொன்றில் காமர்ஸ் எடுக்கும் பிள்ளை, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கும் பிள்ளை என்று இவர்கள் யாருமே பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தைத் தொடப்போவதில்லை. உயிர்கள் எப்படி இப்படி ஆயின என்று ஒரு மணி நேரம்கூடக் கேட்காமல் அவர்கள் பள்ளியை முடிப்பார்கள். உங்கள் ஆதங்கத்தின் வேரும் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் சட்டப்படி பார்த்தால், ஒரு பகுதி தேர்வுக்கு இல்லை என்பதற்கும் அதை வகுப்பில் பேசக் கூடாது என்பதற்கும் நிறைய தூரம். பரிணாமத்தைக் கற்பிக்கக் கூடாது என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. உங்கள் பள்ளியிலேயே இரண்டு வகுப்பு தள்ளி அதே பாடம் நடக்கிறது. நீட் பாடத்திட்டத்திலும் பரிணாமம் இருக்கிறது. இன்னும் பக்கத்தில் சொல்கிறேன்: தமிழக அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்று தனிப் பாடமே இருக்கிறது. உங்கள் பள்ளிக்கு அடுத்த தெருவில் உள்ள அரசுப் பள்ளியில், அதே வயதுப் பிள்ளைகளுக்கு, நீங்கள் வரைந்த அதே கையையும் இறக்கையையும் ‘அமைப்பு ஒத்த உறுப்புகள்’ என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்தப் புத்தகத்தில் ஒரு பிரதி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பேசும்போது மேசையில் எடுத்து வைக்கலாம்.

போலீஸ் புகார் என்ற மிரட்டல்

அவர்கள் சொல்லும் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆவது பிரிவு. மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உள்ள பிரிவு என்பதால் பெயரைக் கேட்டதும் பயம் வருவது இயல்பு. ஆனால் அந்தக் குற்றத்துக்கு, ஒரு மதத்தையோ மத நம்பிக்கையையோ வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு இழிவுபடுத்தியிருக்க வேண்டும். எண்ணம், செயல் இரண்டும் வேண்டும். 1957-லேயே ராம்ஜிலால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம், தெரியாமலோ கவனக்குறைவாகவோ கெட்ட நோக்கம் இல்லாமலோ செய்தது இதில் வராது என்று தெளிவாக்கிவிட்டது. நீங்கள் எந்த மதத்தின் பெயரையும் எடுக்கவில்லை. எலும்பு வரைந்தீர்கள். புகார் வந்து நிலையத்திலிருந்து அழைத்தால் ஒரு வழக்கறிஞரோடு போங்கள். அன்றைய பாடக்குறிப்பேட்டையும், பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தையும், தமிழக அரசின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் ஒரு வரிகூடப் பதில் எழுதாதீர்கள். இரவு பதினோரு மணிக்குக் கோபத்தில் தட்டிய ஒரு செய்தியால் கெட்டுப்போன நல்ல வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளையை அந்த வகுப்பில் உட்கார வைக்க மாட்டோம் என்று சொல்லப் பெற்றோருக்கு உரிமை உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கீகாரம் பெற்ற பள்ளியில் மதபோதனை நடந்தால், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை அதில் கலந்துகொள்ள வைக்க முடியாது. அரசியலமைப்பின் 28(3) பிரிவு சொல்வது இதைத்தான். அறிவியல் பாடத்துக்கு அப்படி ஒரு விலக்கு கிடையாது. ஆனால் பிள்ளையின் மனசாட்சிக்கு மதிப்பு உண்டு. 1986-ல் பிஜோ இம்மானுவேல் வழக்கில், தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்று, மத நம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்த மூன்று கேரளப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வெளியேற்றியது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது பாடப்புத்தகம் பற்றிய வழக்கு அல்ல. ஆனாலும் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: பிள்ளை பாடத்தைப் புரிந்துகொண்டு எழுதலாம், நம்பித்தான் ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இந்த ஒரு வாக்கியத்தைப் பெற்றோரிடம் நீங்களே சொன்னால் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

ரிட் மனு பற்றி

இங்கேதான் உங்களுக்கு வருத்தம் தரும் செய்தி. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ பிரிவின் எச் உட்பிரிவு சொல்வது உண்மை. 1976-ல் 42-ஆவது திருத்தத்தில் வந்தது. சட்டத்துக்குப் பொருள் சொல்லும்போது நீதிமன்றங்கள் அதைத் துணைக்கு எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அது கடமை, உரிமை அல்ல. அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு தனியார் நிர்வாகத்துக்கு எதிராக உத்தரவு வாங்க முடியாது. 2022-ல் செயின்ட் மேரீஸ் எஜுகேஷன் சொசைட்டி வழக்கில், அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கும் அதன் ஊழியருக்கும் இடையிலான சாதாரணப் பணி ஒப்பந்தத் தகராறுக்கு, சட்ட விதி எதுவும் மீறப்படாத நிலையில் ரிட் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதுவும் சிபிஎஸ்இ பள்ளிதான். வழக்குத் தொடுத்தவர் ஆசிரியர் அல்லாத ஊழியர், ஆசிரியர்களின் ரிட் ஏற்கப்பட்ட முந்தைய தீர்ப்புகளும் இருக்கின்றன என்பதால் கதவு முழுக்க மூடிவிட்டது என்று சொல்ல மாட்டேன். திறந்திருக்கிறது என்று நம்பி வேலையைப் பணயம் வைக்கவும் சொல்ல மாட்டேன். தொழிலாளர் நீதிமன்றமும் உங்களுக்கு இல்லை. ஆசிரியர் தொழில் தகராறுச் சட்டம் சொன்ன ‘தொழிலாளர்’ ஆக மாட்டார் என்று 1988-ல் சுந்தராம்பாள் வழக்கிலேயே தீர்ப்பாகிவிட்டது.

பரிணாமம் சரியா தவறா என்பதையும் நீதிமன்றத்தில் தீர்க்க முடியாது. 2023 அக்டோபரில் ஒருவர் உங்களுக்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்கே போனார். டார்வினும் ஐன்ஸ்டீனும் சொன்னது தவறு என்று அறிவிக்கக் கேட்டார். தவறு என்று நினைத்தால் உங்கள் கோட்பாட்டை நீங்களே பரப்பிக்கொள்ளுங்கள், இதற்கு அரசியலமைப்பின் 32-ஆவது பிரிவில் ரிட் இல்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். நான் அந்தத் தீர்ப்பை வரவேற்கிறேன். அவருக்குத் திறக்காத கதவு நமக்கும் அதே காரணத்தால் திறக்காது.

ஸ்கோப்ஸ் பற்றி எழுதியிருந்தீர்கள். 1925-ல் டென்னசி மாகாணத்தில் பரிணாமம் கற்பிப்பதைத் தடை செய்து நிஜமாகவே ஒரு சட்டம் இருந்தது. அவருக்கு நூறு டாலர் அபராதம் போட்டார்கள். மேல்முறையீட்டில் அது ரத்தானது, ஆனால் காரணம் அறிவியல் அல்ல. அபராதத் தொகையை ஜூரி முடிவு செய்யாமல் நீதிபதி முடிவு செய்துவிட்டார் என்ற நடைமுறைப் பிழை. சட்டம் அப்படியே 1967 வரை நின்றது. மறு ஆண்டுதான், ஆர்கன்சாவில் சூசன் எப்பர்சன் என்ற உயிரியல் ஆசிரியை தொடுத்த வழக்கில், இத்தகைய தடை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாற்பது வருஷத்துக்கும் மேல். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் நமக்கு இங்கே எதிர்த்து நிற்க அப்படி ஒரு சட்டமே இல்லை. உங்கள் முன்னால் இருப்பவை ஒரு பயந்த நிர்வாகமும் சில குழம்பிய பெற்றோரும்தான்.

சிறுபான்மை நிறுவனம் என்பதால் பாடத்தைத் தாங்களே தீர்மானிக்கலாமா என்றும் கேட்டீர்கள். அரசியலமைப்பின் 30-ஆவது பிரிவு நிர்வகிக்கும் உரிமையைத் தருகிறது. இணைப்புப் பெற்ற வாரியத்தின் பாடத்தைத் தங்கள் நம்பிக்கைக்கேற்பத் திருத்தும் உரிமையை அது தரவில்லை.

அந்தக் கடிதத்தில் என்ன எழுதுவது

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். தாளாளர் சொன்ன வாசகத்தில் இரண்டு விஷயம் சேர்ந்திருக்கிறது. ‘பாடத்திட்டத்தில் இல்லாத’ என்பது ஒன்று. ‘தவறான கருத்து’ என்பது இன்னொன்று. முதலாவது உண்மை, அதை ஒப்புக்கொள்வதில் இழுக்கு இல்லை. வகுப்பு நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் அதிகாரம் நிர்வாகத்துக்கு இருக்கிறது. இரண்டாவது பொய். அதில் கையெழுத்துப் போட்டால், நாளை பன்னிரண்டாம் வகுப்பில் அதே பாடத்தை நடத்தும்போது உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும். ஒழுங்கு நடவடிக்கை என்று வந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆவணமாகவும் அது மாறும்.

அதனால் நீங்களே இப்படி எழுதிக் கொடுங்கள்: “குறிப்பிட்ட தேதியில் ‘ஹெரிடிட்டி’ பாடத்தை முடித்தபின் மீதமிருந்த சுமார் இருபது நிமிடத்தில், பாடத்தோடு தொடர்புடைய, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பாடத்திட்டத்தில் உள்ள கருத்தை அறிமுகமாக விளக்கினேன். எந்த மதத்தையும் நம்பிக்கையையும் குறிப்பிடவோ குறைத்துப் பேசவோ இல்லை. பெற்றோருக்கு ஏற்பட்ட மனவருத்தத்தை அறிகிறேன், அவர்களை நேரில் சந்தித்து விளக்கத் தயாராக இருக்கிறேன். இனி கூடுதல் பகுதிகளை எடுக்கும்போது முதல்வரிடம் முன்கூட்டியே தெரிவிப்பேன்.” அவ்வளவுதான். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை தர மறுத்தால் அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

இதற்குப் பிறகும் வேலையை விட்டு நீக்கினால், நியமன ஆணையிலும் பள்ளியின் சேவை விதியிலும் உள்ள நோட்டீஸ், விசாரணை நடைமுறைகளைப் பின்பற்றினார்களா என்பதே முதல் கேள்வி. அந்த இரண்டு தாளையும் இன்றே தேடி எடுத்து வையுங்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து பணி முடித்தவர் என்பதால் பணிக்கொடை உங்களுக்கு உண்டு. ஒரு பாடத்தை நடத்தியதைக் காரணம் காட்டி அதைப் பறிக்க முடியாது. அவர்களே வற்புறுத்தினாலும் ராஜினாமா மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

அந்தத் தாயிடம் பேசுங்கள்

பெற்றோர்களை ‘அறியாமையில் ஊறியவர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் வந்த சொல் என்று எடுத்துக்கொள்கிறேன். 2018 ஜனவரியில் ஒன்றிய கல்வி இணை அமைச்சராக இருந்தவரே, குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, டார்வினைப் பாடத்திலிருந்து மாற்ற வேண்டும் என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. அமைச்சர் பதவியில் இருப்பவருக்கே அந்தக் குழப்பம் இருக்கும்போது, சமையலறையில் நின்று மகளின் பேச்சைக் கேட்ட தாயை என்ன சொல்வது? அவர் காதில் விழுந்தது ‘நம்ம தாத்தா குரங்கு’ என்ற ஒரு வரிதான். உங்கள் வண்ணச் சாக்பீஸ் அவர் வீடு வரை போய்ச் சேரவில்லை.

நான் பாகப்பிரிவினை வழக்குகள் நிறைய நடத்துகிறவன். வம்சாவளி வரைபடம் இல்லாமல் ஒரு வழக்கும் தொடங்காது. அதில் பங்காளிகள் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்துக் கிளையில் இருப்பார்கள், ஒருவர் இன்னொருவருக்கு அப்பா ஆக மாட்டார், ஆனால் மேலே போனால் ஒரே பாட்டனில் போய் நிற்பார்கள். சிம்பன்சிக்கும் நமக்கும் உள்ள முறை அதுதான். இரு கிளையும் பிரிந்து ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. தாத்தா முறை இல்லை, பங்காளி முறை. அந்தப் பையனுக்கு நீங்கள் சொல்ல நினைத்த பதிலும் இதுவாகத்தான் இருக்கும். ‘வெறும் தியரிதானே’ என்று யாராவது கேட்டால், நோய்க்கிருமியால் நோய் வருகிறது என்பதும் அறிவியலில் தியரிதான் என்று சொல்லுங்கள். அன்றாடப் பேச்சில் தியரி என்றால் ஊகம். அறிவியலில் அது சோதித்து நிலைத்த விளக்கம்.

கடவுள் நம்பிக்கை என்னாவது என்று அந்தத் தாய் கேட்டால், வாதாடாதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1950-லிருந்தே பரிணாம ஆய்வுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 1996-ல் போப் இரண்டாம் ஜான் பால், இது வெறும் கருதுகோளுக்கும் மேலானது என்று ஏற்றுக்கொண்டார். டார்வினையே 1882-ல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குள்தான் அடக்கம் செய்தார்கள். வேறு சபையைச் சேர்ந்தவராக இருந்தால் இது அவருக்குப் போதாமல் இருக்கலாம். பக்தியையும் படிப்பையும் சேர்த்து வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் ஏராளம் என்பது மட்டும் தெரிந்தால்கூடப் போதும்.

முதல்வர் சொன்ன யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். மீன், ஆமை, வராகம் என்று போகும் தசாவதார வரிசையைப் பரிணாமத்தோடு ஒப்பிட்டுப் பேசியவர்களில் ஹால்டேன் போன்ற பெரிய விஞ்ஞானியும் உண்டு. ரசனையாகப் பேச அது நல்ல ஒப்புமை. ஆனால் அறிவியல் வகுப்பில் அதை ஆதாரம் போல வைத்தால், நாளைக்கு எல்லா மதத்தின் படைப்புக் கதைக்கும் இடம் கேட்பார்கள். மறுக்க உங்களுக்கு நியாயம் இருக்காது. அந்தக் கதைகளுக்கும் அது மரியாதை ஆகாது.

முடிந்தால் நிர்வாகத்திடம் ஒரு கல்விச் சுற்றுலா கேளுங்கள். பெரம்பலூர் பக்கம் காரை என்றொரு ஊர். ஒரு வழக்குக்காகப் போன இடத்தில் கட்சிக்காரர் என்னை அங்கே கூட்டிப்போனார். மழை அரித்த செம்மண் சரிவில், நத்தைச் சுருள் போல ஒரு கல் கிடந்தது. அம்மோனைட். கடல் உயிர். கடலே கண்ணில் படாத ஊரில். கொஞ்ச தூரத்தில் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது, வயது சுமார் 12 கோடி ஆண்டு. பெற்றோரையும் சேர்த்தே அழைத்துப் போகலாம். பார்க்கும்போது யாரும் சண்டை போடுவதில்லை.

இப்போதைக்கு வெள்ளிக்கிழமை வேலையைப் பாருங்கள். நான் மேலே எழுதிய வாசகத்தை உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள். தேதியையும் வகுப்புப் பிரிவையும் சரியாகப் போடுங்கள். ‘தவறு’ என்ற சொல்லைச் சேர்த்தால்தான் வாங்குவோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அன்றைக்கே எனக்கு எழுதுங்கள். அடுத்த கடிதத்தை நாம் சேர்ந்து எழுதலாம்.